பேச்சை விழுங்கும் மண்டபங்கள்

செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர் கூடிக் கல்யாணமும் பரிசளிப்பு விழாவும் இலக்கியக் கூட்டமும் நடத்துகிற மண்டபங்களில், பளபளக்கும் டைல்ஸ் தரைக்கும் கண்ணாடிக் கதவுக்கும் குளிர்சாதனத்துக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளியை மனமுவந்து செலவிடுகிறவர்கள், மேடையில் பேசுகிறவருடைய சொல் கடைசி வரிசைக்குச் சொல்லாகவே போய்ச் சேருகிறதா என்பதை மட்டும் யோசிப்பதே இல்லை. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டியில் மூச்சுவிடாமல் பேசி முடிக்கிறாள், முன்வரிசைகள் கைதட்டுகின்றன, பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "பிள்ளை என்னம்மா சொல்லுது, ஒண்ணும் விளங்கலியே" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறார். ஒலிபெருக்கிக்காரர் உடனே சப்தத்தைக் கூட்டுகிறார். கூட்டக் கூட்ட முழக்கம்தான் வளர்கிறது.

இதற்குப் பேசுகிறவரின் வாயையோ கேட்கிறவரின் காதையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை, பரிகாரம் காண வேண்டும் என்ற பொறுப்பை வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது, அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பியும், ஆர்கன் குழலொன்றை ஒலிக்கச் செய்து அது அடங்கும் நேரத்தை அளந்தும், மெத்தையில்லாத காலி மண்டபத்தில் சப்தம் தேய்ந்து மறைய ஐந்தரை விநாடி பிடிக்கிறது என்று கண்டார். அந்தச் சோதனைகளிலிருந்து பிறந்த சூத்திரம் பள்ளிக்கூடக் கணக்கைவிடக் கடினமானதன்று. மண்டபத்தின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.16-ஆல் பெருக்கி, உள்ளே உள்ள பரப்புகளும் மனிதர்களும் உட்கவரும் மொத்த ஒலியளவால் வகுத்தால், முழக்கம் அடங்கும் விநாடிகள் கிடைத்துவிடும். உட்கவர்தலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லையாதலால், ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்கு மதிப்பு 1.

20 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமுமுள்ள மண்டபத்துக்குக் கன அளவு 1,200. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 800 சதுர மீட்டர். சாந்துச் சுவரும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை உட்கவர்வதாகக் கொண்டால் மொத்தம் 24 தான். காலி மண்டபத்தின் முழக்கம் 8 விநாடி. ஆளுக்கு 0.45 வீதம் கூட்டிக்கொண்டால், இருநூறு பேர் வரும்போது அது 1.7 விநாடிக்கு இறங்குகிறது. ஐம்பது பேர் வரும்போதோ நாலு விநாடியில் நிற்கிறது. பேச்சுக்கு உகந்தது ஒரு விநாடியை ஒட்டிய அளவு. இலக்கியக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் அந்த ஐம்பது பேரே வருகிறார்கள் என்பதால் என் கவலை இரட்டிக்கிறது. பழைய பாணி மண்டபத்தில் இருபுறமும் சேர்த்து 40 சதுர மீட்டர் ஜன்னல் திறந்திருந்தால், ஆளே இல்லாமல் 8 விநாடி மூன்றாகக் குறைந்திருக்கும். குளிர்சாதனம் வந்ததும் நாம் அடைத்தது அந்த நாற்பதைத்தான்.

தமிழுக்கு இதனால் நேரும் சேதம் பெரிது. 'படம்' என்பதையும் 'பட்டம்' என்பதையும் பிரித்துக் காட்டுவது, நா மேலண்ணத்தில் சற்றே கூடுதலாக ஒட்டி நிற்கும் கண நேர மௌனம். முந்திய உயிரின் முழக்கம் அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். குறில் நெடிலாக இழுபடும். மெல்லிய மெய்யெழுத்துகள் மூழ்கிப்போகும். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் வளரும் பிள்ளைகளுக்குத் திருத்தமான தமிழ் காதில் விழும் இடங்கள் பள்ளி மண்டபமும் கோயில் சொற்பொழிவுமே என்றிருக்க, அங்கேயும் எழுத்துகள் கரைந்தால், கேளாத எழுத்தை அவர்கள் எவ்விதம் உச்சரிப்பார்கள்?

வெயிலும் சாலை இரைச்சலுமுள்ள ஊரில் ஜன்னலைத் திறப்பது நடவாத காரியம் என்று குத்தகையாளர்கள் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் கூரை இருக்கிறதே! 240 சதுர மீட்டர் கூரை முழுவதும், விழும் ஒலியில் அறுபது விழுக்காட்டை உட்கவரும் பலகைகளைப் பொருத்தினால், காலி மண்டபமே 1.2 விநாடிக்கு வந்துவிடும்; அந்த ஐம்பது பேர் அமர்ந்தால் ஒரு விநாடிதான். இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறக்கப்பட்ட பில்ஹார்மோனிக் அரங்கில் கூரைப் பலகைகளையே தேவைக்கேற்ப ஏற்றி இறக்குகிறார்கள்; செந்தூலிலேயே, ரயில்வே காலத்துப் பழைய கட்டடமொன்று 2005-இல் நாடக அரங்குகள் கொண்ட நிகழ்கலை மையமாக மறுபிறவி எடுத்தது. அத்தனை செலவு நம் சங்கங்களுக்கு ஆகாது. ஒரு வகுத்தல் கணக்குக்கோ செலவேயில்லை. கட்டடக் குழுவினர் வரைபடத்தில் கையெழுத்திடுமுன், ஐம்பது பேர் அமர்ந்தால் எத்தனை விநாடி என்று கேட்கட்டும். கட்டி முடிந்த மண்டபமானால், நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டி, ஓசை அடங்கும்வரை கைக்கடிகாரத்தைப் பார்க்கட்டும். இரண்டு விநாடிக்கு மேல் இழுத்தால், புதிய ஒலிபெருக்கிக்கு ஒதுக்கிய பணத்தைக் கூரைக்குத் திருப்பட்டும்.