அரக்கு மாளிகையும் புரோசனன் வேடமும்

புத்தளக் கடலோரத்தில், தலவில திருத்தலத்திற்குத் தெற்கே அமைந்த உடப்பு என்னும் தமிழூரில், திரௌபதை அம்மன் விழாவும் தீமிதிப்பும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அவ்வம்மன் வரலாறு கூறும் பாரதக் கதையில், நெருப்பை வஞ்சகத்தின் கருவியாக்கியவன் புரோசனன்.

துரியோதனன் ஏவலால் வாரணாவதம் சென்ற அவன், அரக்கு, நெய், சணல் முதலியவற்றால் மாளிகை எடுத்துப் பாண்டவரை உபசாரத்துடன் வரவேற்றான். பகைவனாக வந்திருப்பின் வீமனின் தோள்வலியே அவனை அடக்கப் போதும். பணிவுடைய நண்பனாக வந்தமையால், ஐவரும் தாயுடன் ஓராண்டு அங்கே தங்க நேர்ந்தது. விதுரரின் குறிப்புமொழியால் உண்மையை உணர்ந்தும், அறியாதார் போலவே அவர்கள் ஒழுகினர். மறைவாகச் சுரங்கம் தோண்டுவித்தனர். இறுதியில் வீமனே தீயிட்டான் என்பது வியாச பாரதம். புரோசனன் மாண்டான், ஆனால், விருந்துண்டு உறங்கிய வேட்டுவப் பெண்ணொருத்தியும் அவள் மைந்தர் ஐவரும் உடன் எரிந்தனர். அவ்வுடல்களைக் கண்டே பாண்டவர் இறந்தனரென ஊரார் நம்பினர்.

நல்லோன் வேடம் பூண்ட தீயோனால் விளையும் பெருங்கேடு இதுவே: அவனிடமிருந்து தப்ப முயலும் நல்லோரும் வேடம் பூண வேண்டியவராகின்றனர், அதன் விலையைக் குற்றமற்றோர் கொடுக்கின்றனர். தீமிதிப்போன் ஊரார் காண நெருப்பில் இறங்குகின்றான்; புரோசனனோ அதனைச் சுவருக்குள் ஒளித்து வைத்தான்.