விண்ட் ஹில் வேட்டைக் கிண்ணம்

விண்ட் ஹில் கிண்ணம் என்பது பொ.ஊ. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமைக் கண்ணாடிக் கிண்ணம் ஆகும். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், பான்வெல் ஊருக்கு அருகிலுள்ள விண்ட் ஹில் என்னுமிடத்தில் 1956இல் இது கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் விட்டமுள்ள, ஆழம் குறைந்த கிண்ணம் இது.

கிண்ணத்தில் முயல் வேட்டை செதுக்கப்பட்டுள்ளது. குதிரை மீது ஒருவன் வருகிறான். இரண்டு நாய்கள் முயலை விரட்டுகின்றன. முயலின் முன்னே விரித்த வலை காத்திருக்கிறது. உரோமையர் முயலைப் பெரும்பாலும் இப்படி வலைக்குள் ஓட்டியே பிடித்தனர். சிங்கத்தையும் புலியையும் காட்டும் கேளிக்கை அரங்கக் காட்சி அல்ல இது. பண்ணை வீட்டுச் செல்வர் தாமே ஆடிய வேட்டை.

உருவங்கள் கையாலேயே கீறப்பட்டவை. முதலில் வெளிக்கோட்டை வரைந்து, உட்புறத்தைச் சிறுசிறு கீற்றுகளால் நிரப்பியுள்ளனர். விலங்குகளின் உரோமத்துக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. வேலை நுணுக்கமானது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓட்டத்தின் வேகம் தெரிகிறது.

கீறல்கள் அனைத்தும் வெளிப்பக்கத்தில் உள்ளன. ஆனால் பார்க்க வேண்டியது உள்ளிருந்து, கண்ணாடியின் ஊடாக. அதனால் விளிம்பைச் சுற்றியுள்ள எழுத்துகளைக் கைவினைஞர் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டியிருந்தது. கிண்ணத்தில் திராட்சை மது இருக்கும்வரை மங்கலாகத் தெரியும் முயல், குடித்து முடித்தவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அந்த எழுத்துகள் "விவாஸ் கும் டுயிஸ் பியே" என்று வாசிக்கப்படுகின்றன. இறுதியில் "செசெஸ்" என்ற சொல்லுக்கு முதலெழுத்து மட்டும் உள்ளது. "உன்னவரோடு வாழ்க; குடி, நலமாயிரு" என்பது பொருள். முற்பகுதி இலத்தீன், பிற்பகுதி இலத்தீன் எழுத்தில் எழுதிய கிரேக்கம். இலத்தீன் மட்டும் அறிந்தவருக்கு "பியே" என்பது பக்தியைக் குறிக்கும் சொல்லாகவும் தோன்றும். கிறித்தவர்களின் கண்ணாடிப் பொருள்களிலும் இதே வாழ்த்து உண்டு. எனினும் இது விருந்துகளில் எல்லோரும் சொன்ன வாழ்த்து; இதை மட்டும் வைத்து உரிமையாளரைக் கிறித்தவர் என்று கொள்வதற்கில்லை.

கிண்ணம் பிரித்தானியாவில் செய்யப்பட்டதன்று. இதே கீற்று முறையில் அமைந்த பாத்திரங்கள் செருமனியின் கொலோன் நகரோடு தொடர்புடையவை என்பதால், இதுவும் அங்கு உருவாகிக் கடல் கடந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. டொனால்டு ஹார்டன் 1960இல் இக்கிண்ணத்தைப் பற்றியும் இதை ஒத்த பாத்திரங்களைப் பற்றியும் விரிவாக எழுதினார். அவ்வகைப் பாத்திரங்கள் இன்று "விண்ட் ஹில் குழு" என அழைக்கப்படுகின்றன. கிண்ணம் ஆக்சுபோர்டின் ஆசுமோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.