தண்ணீர் குடித்தாலே உடம்பு போடுகிறதா? நடுவயதுப் பெண்களின் எடையும் ஹார்மோன்களும்

"நான் என்னத்த டாக்டர் அப்படிச் சாப்பிட்டுடறேன்? காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சாதம், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. வெறும் தண்ணி குடிச்சாலே உடம்பு போடறது!"

தலைநகரில் முப்பது ஆண்டுகளாக வைத்தியம் பார்த்துவரும் நான், நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் கேட்ட வார்த்தைகள் இவை. கரோல்பாக் மாமியும் சொல்கிறார், முனிர்க்கா அக்காவும் சொல்கிறார், பஞ்சாபி ஆன்ட்டியும் தம் மொழியில் இதையேதான் சொல்கிறார். வீட்டில் கேட்டால் "வாயைக் கட்டு" என்று பதில் வருகிறது. விளம்பரங்களைக் கேட்டால் "எல்லாம் ஹார்மோன் கோளாறு, இந்தப் பவுடரைக் குடியுங்கள்" என்கின்றன. முதல் பதில் அந்தப் பெண்ணைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது அவருடைய பர்ஸைக் காலி செய்கிறது. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை நம் மலரின் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஹார்மோன் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்று படித்தது நினைவிருக்கும். உமிழ்நீர் போலக் குழாய் வழியாக வராமல், நேராக ரத்தத்தில் கலந்து, தூரத்தில் இருக்கும் உறுப்பை வேலை செய்யவைக்கும் ரசாயனங்களே ஹார்மோன்கள். 1905ஆம் ஆண்டு லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் தம் சொற்பொழிவில் இந்தப் பெயரை முதலில் பயன்படுத்தினார். தூண்டிவிடுதல் என்ற பொருள் உள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அளவில் மிகக் கொஞ்சம், ஆனால் பசி, தூக்கம், மாதவிடாய், கொழுப்பு சேரும் இடம் என்று எல்லாவற்றிலும் இவற்றின் கை இருக்கிறது.

எடை ஏறுவது வயதாலா, மாதவிடாய் நிற்பதாலா?

"நாற்பதுக்கு மேல மெட்டபாலிசம் குறைஞ்சிடும்" என்று எல்லோரும் சொல்கிறோம். 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் உடல் ஒரு நாளில் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று பார்த்தார்கள். உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருந்தது. ஆண், பெண் வித்தியாசம்கூட இல்லை.

அப்படியானால் எடை ஏன் ஏறுகிறது? 1990களின் நடுவில் அமெரிக்காவில் 3,300 பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய 'ஸ்வான்' என்ற நீண்டகால ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. எடை வருடாவருடம் மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் திடீரென்று தாவுவதில்லை. ஆனால் மாதவிடாய் நிற்பதற்குச் சுமார் இரண்டு வருடம் முன்பிலிருந்து, நின்று இரண்டு வருடம் ஆகும்வரை, உடம்பில் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதே காலத்தில் தசை குறைகிறது. தசை குறைந்து கொழுப்பு கூடும்போது தராசு முள் பெரிதாக நகராது. உள்ளே மட்டும் சரக்கு மாறிவிடுகிறது!

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: எத்தனை கிலோ ஏறுகிறது என்பதில் வயதுக்கும் பழக்கவழக்கத்துக்கும் பங்கு அதிகம். அந்தக் கொழுப்பு எங்கே போய் உட்காருகிறது, ஏன் அசைய மறுக்கிறது என்பதில்தான் ஹார்மோன்களின் பங்கு அதிகம்.

ஈஸ்ட்ரோஜன்: தொடையிலிருந்து வயிற்றுக்கு

சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் நன்றாகச் சுரக்கும்வரை கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்கிறது. பார்க்கப் பருமனாக இருந்தாலும் அந்தக் கொழுப்பால் கெடுதல் குறைவு. நம் நாட்டில் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேல்நாடுகளில் அது 51. அதாவது நம் பெண்களுக்கு இந்த மாற்றம் சில வருடங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிகாட்டுவது இந்த உள்வயிற்றுக் கொழுப்புதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சினைப்பை ஓய்ந்த பிறகு கொழுப்புத் திசுவே ஒருவகை ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. பருமன் அதிகமானால் அதுவும் அதிகமாகி, கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்கவைக்கக் கூடும். புற்றுநோய்க்கும் இடம் உண்டு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "இந்த வயசுல போய் இதைச் சொல்றதா" என்று கூச்சப்படாமல் உடனே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

இன்சுலின்: கதவைத் தட்டியும் திறக்காதபோது

சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். தசை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடினால், இன்சுலின் கதவைத் தட்டியும் தசை திறப்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும்வரை, சேர்த்துவைத்த கொழுப்பு கரைவது சிரமம். எடை பிடிவாதமாக நிற்க இது ஒரு பெரிய காரணம்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துடன் சேர்ந்து நாடு முழுதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதற்கு முந்தைய கட்டத்தில் இன்னும் 13 கோடிக்கு மேல். அதே ஆய்வு 2025இல் சொன்னது: நம் உணவின் சக்தியில் 62 சதவீதம் அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுப்பொருள்களிலிருந்து வருகிறது. தில்லித் தமிழர் வீட்டில் மத்தியானம் சாதம், ராத்திரி சப்பாத்தி. "சாதத்தை விட்டுட்டேன் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறார்கள். கணையத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தைராய்டு: பழி அதிகம், பங்கு குறைவு

எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. பெண்களுக்கே அதிகம். சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல் இருந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் தைராய்டுக் குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் கணிசமான பகுதி உப்பும் நீரும். 15 கிலோ கூடியதற்குத் தைராய்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் காப்பி அரை மணியாவது காத்திருக்கட்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி வேண்டும். தைராய்டு சரியாக இருப்பவர்கள் இளைப்பதற்காக அடுத்த வீட்டுக்காரர் மாத்திரையைப் போட்டுக்கொள்வது ஆபத்து. நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

தூக்கமும் கார்டிசாலும்

நடு ராத்திரியில் குப்பென்று வியர்த்து எழுந்து, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு விடியும்வரை புரளும் பெண்கள் எத்தனையோ பேர். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. மறுநாள் நாலு மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடும் கை இதனால்தான் நீள்கிறது. ஓயாத மன உளைச்சலில் கார்டிசால் கூடினாலும் இதே பாதைதான்.

கார்டிசால் மிக அதிகமாகச் சுரக்கும் வியாதி அபூர்வம். ஆனால் மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாத பொடியையோ மாத்திரையையோ வாங்கிச் சாப்பிடுவது அபூர்வம் அல்ல. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் வட்டமாகும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். ஆனால் நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம், அதிலும் ஆபத்து உண்டு.

என்ன செய்யலாம்?

முதலில் தராசை நம்பாமல் டேப்பை எடுங்கள். புடவைக்கும் சல்வாருக்கும் நாடா இருப்பதால் வயிறு பெருப்பது நமக்குத் தெரிவதே இல்லை. பாவாடை கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். இந்தியப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லைக்கோடு.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.எச்., மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி., கொழுப்பு அளவு. இதோடு ரத்த அழுத்தம். பெரும்பாலோருக்கு இவ்வளவுதான் தேவை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இருபது ஹார்மோன்களை அளக்கும் பேக்கேஜ் வேண்டாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது, தசையைக் காப்பாற்றுங்கள். நடைப்பயிற்சி நல்லதே. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கலாம். ஆனால் தசைக்கு அது போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது பளுவோடு பயிற்சி வேண்டும். ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ டம்பெல்! டிசம்பர் புகைமூட்டத்திலும் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

நான்காவது, பட்டினி கிடக்காதீர்கள். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு மட்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. 60 கிலோ பெண்ணுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6 கிராம். கூட்டிப் பாருங்கள், பலருக்குப் பாதிதான் தேறும். நவராத்திரி ஒன்பது நாள் செய்கிற சுண்டலை மீதி நாளும் செய்தால் என்ன? ரசத்தைத் தெளிவாக ஊற்றிக்கொள்ளாமல் அடியில் இருக்கும் பருப்பையும் சேர்த்து எடுங்கள். குழந்தைகள் தட்டில் வைத்த மிச்சம் வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அது யாருடைய கணக்கிலும் வராத சாப்பாடு.

மருந்துகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து ஹார்மோன் மாற்று சிகிச்சை என்றாலே பயம். இன்றைய மருத்துவம், அறுபதுக்குக் கீழே, தகுதியானவர்களுக்கு, உடல் அனலுக்கும் வியர்வைக்கும் அது நல்ல மருந்து என்கிறது. ஆனால் இளைப்பதற்கான மருந்து அல்ல. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மௌஞ்சாரோ, வீகோவி ஊசிகள் குடல் ஹார்மோனைப் போல் வேலை செய்து பசியைக் குறைப்பவை. எடை நிச்சயம் குறைகிறது, தசையும் சேர்ந்து குறைகிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது.

கடைசியாக, இதைப் படிக்கும் கணவன்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும். உங்கள் வீட்டுப் பெண் சோம்பேறியும் இல்லை, தின்னிப் பண்டாரமும் இல்லை. அவர் உடம்பில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. "வாயைக் கட்டு" என்று சொல்வதற்குப் பதிலாக, சாயங்காலம் அரை மணி நேரம் சமையலறையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி அவர் உடற்பயிற்சிக்கு ஆகட்டும். நான் எழுதித் தரும் எந்த மாத்திரையும் அந்த அரை மணிக்கு ஈடாகாது.