கோழிக்கு வைட்டமின் கொடுத்தால் போதுமா?

வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கம்பத்துக் கோழிகள் வளர்ப்பது நம் மூத்தவர்கள் பலருக்குத் தோட்டப்புறக் காலத்திலிருந்தே பழக்கம். கோழி சோர்ந்து நின்றால் தீவனக் கடையில் வைட்டமின் தூள் வாங்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறோம். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அறிந்துகொள்வது வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லது.

வைரஸ் கிருமி நுழைந்ததும் கோழியின் எதிர்ப்பு அணுக்கள் அதை அழிக்கக் கடுமையான சில வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. அவை கோழியின் சொந்த உயிரணுக்களின் மேலுறையிலுள்ள கொழுப்பையும் கெடுக்கின்றன. திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் காறல் அடிக்கிறதே, ஏறக்குறைய அதே மாற்றம்தான். வைட்டமின் ஈ அந்த உறையில் இருந்துகொண்டு கெடுதலைத் தடுக்கிறது. செயலிழந்த வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீண்டும் பயன்படும்படி ஆக்குகிறது.

மனிதரைப் போல் அல்லாமல், கோழி வைட்டமின் சியைத் தன் சிறுநீரகத்திலேயே உண்டாக்கிக்கொள்ளும். கடும் வெயிலில் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்போது மட்டும் அது போதாமல் போகலாம். வைட்டமின் ஈயோ தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். பச்சைக் கீரை, முளைவிட்ட தானியம், புதிய தவிடு ஆகியவற்றில் அது உண்டு. மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்து காறிப்போன தவிட்டில் அது அழிந்துவிடும். மலிவென்று பழைய தவிட்டை வாங்கிவிட்டு, வைட்டமின் தூளுக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

ஆனால் எந்த வைட்டமினும் வைரஸைக் கொல்லாது. வெள்ளைக்கழிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கண்டறியப்பட்ட இந்நோயை இந்தியாவில் இராணிக்கெட் நோய் என்பார்கள். பச்சையாகக் கழிதல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் இதன் அறிகுறிகள். இதற்குத் தடுப்பு மருந்துதான் காப்பு. உடலில் வைட்டமின் ஈ போதிய அளவு இருந்தால் அம்மருந்து நன்றாக வேலை செய்யும், அவ்வளவே.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. வைட்டமின் ஈ குறைந்த குஞ்சுகளுக்கும் மூளை பாதிக்கப்பட்டுக் கழுத்து திருகிக்கொள்ளும். ஆகவே அப்படிப்பட்ட குஞ்சைக் கண்டதும் "சத்துக் குறைவுதான்" என்று நாமே முடிவு செய்து தூளைக் கலக்கிக்கொண்டிருந்தால், அதற்குள் நோய் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் பரவிவிடலாம்.

பறவைக் காய்ச்சல் இன்னும் கொடியது. 2004-இல் கிளந்தானில் கோழிகளிடையே அது காணப்பட்டது. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றியதில் 6 பேர் இறந்தனர். கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் செத்தாலோ, கொண்டை நீலம் பாரித்தாலோ மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். வீணாகிறதே என்று நோயுற்ற கோழியை அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அறுக்கும்போதும் இறகு பறிக்கும்போதும்தான் அது கைக்கும் மூக்குக்கும் வருகிறது. செத்த கோழியை வெறுங்கையால் தொட வேண்டாம். பேரப்பிள்ளைகளைக் கூண்டருகே விடாதீர்கள். அடுத்த சில நாள்களில் காய்ச்சலோ இருமலோ வந்தால், வீட்டில் கோழி செத்ததைக் கிளினிக்கில் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.