கன்று வீச்சு நோய்க்கு ஊசி ஏன் பிடிப்பதில்லை?

செனை மாடு ஆறு, ஏழு மாதத்தில் கன்றை வீசிவிட்டால், "முட்டு வாங்கியிருக்கும்", "உடம்புச் சூடு" என்று சொல்லி விட்டுவிடுவோர் உண்டு. ஆனால் அது புருசெல்லா அபார்ட்டஸ் என்னும் பாக்டீரியாவின் வேலையாகவும் இருக்கலாம். டென்மார்க் நாட்டு மருத்துவர் பெர்னார்டு பாங் 1897-இல் இதைக் கண்டறிந்தார். இக்கிருமி புகுந்த மாட்டை ஊசி மருந்தால் முற்றிலும் குணப்படுத்துவது அரிது. கிருமி குடியிருக்கும் இடமே அதற்குக் காரணம்.

உயிரணுவுக்குள் குடித்தனம்

உடலில் புகும் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே சில காவல் அணுக்கள் உண்டு. விழுங்கிய கிருமியை அவை ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கும். அப்பையில் அமிலம் ஏறும். பிறகு செரிப்புப் பை வந்து அதனுடன் இணையும், கிருமி கரைந்துபோகும். இதுவே இயல்பான முறை.

புருசெல்லாவோ இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அமிலம் ஏறியதுமே அது விழித்துக்கொண்டு, 'விர்பி' எனப்படும் புரதக் குழலைக் கட்டுகிறது. இதற்கென அதனிடம் 12 மரபணுக்கள் கொண்ட தொகுதி உள்ளது. இக்குழலின் வழியாக வேறு சில புரதங்களை மாட்டின் உயிரணுவுக்குள் தள்ளுகிறது. அவற்றுள் 'ரிக்-ஏ' என்பது ஒன்று. உயிரணுவில் சவ்வுப் பைகளின் போக்குவரத்தைக் கவனிக்கும் 'ராப்-2' என்ற புரதத்தை அது பற்றிக்கொள்கிறது.

இதனால் கிருமி இருக்கும் பை, செரிப்பு வழியை விட்டு விலகி, உயிரணுவின் உட்சவ்வு வலையுடன் கலந்துவிடுகிறது. மாட்டின் சொந்தச் சவ்வையே போர்த்திக்கொண்டு கிருமி அங்கே பெருகுகிறது. விர்பி குழல் இல்லாத புருசெல்லாவைச் சோதித்ததில், அதனால் காவல் அணுவுக்குள் நிலைக்க முடியவில்லை. செனை மாட்டில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்களில் கிருமி ஏராளமாகப் பெருகுவதால் கன்று வீசப்படுகிறது. சவ்வுக்குள் ஒளிந்த கிருமியிடம் மருந்து போதிய அளவில் சென்று சேர்வது கடினம்.

செய்ய வேண்டியவை

ஆகவே, வருமுன் காப்பதே வழி. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காளைக் கன்றுக்கும் செனை மாட்டுக்கும் இதைப் போடக் கூடாது. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இத்தடுப்பூசியும் அடங்கும்.

கன்று வீசிய மாட்டைத் தனியே கட்டி, இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. நாய் இழுக்காதபடி ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். புதிதாக மாடு வாங்குவோர் பரிசோதித்த பிறகே மற்ற மாடுகளுடன் சேர்க்க வேண்டும்.

இந்நோய் மனிதரையும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி ஆகியவை அறிகுறிகள். இதற்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து குறைந்தது 6 வாரம் எடுக்க வேண்டியிருக்கும். பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. காய்ச்சல் நீடித்தால், வீட்டில் மாடு கன்று வீசியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.