அறுவடை முடிந்த வயலில் ஒரு சனிக்கிழமை

நம் கரையோரத்துக்கு வசந்தம் என்று தனியாக ஒரு காலம் வருவதில்லை. நவம்பரில் இறங்கும் வடகீழ்ப் பருவமழை ஜனவரி வரை அடித்து ஓய்கிறது. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெள்ளாமை வெட்டுகிறார்கள். அதற்கும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கும் இடையில் வயல் காய்ந்து கிடக்குமே, அந்தச் சில கிழமைகள்தான் நிந்தவூருக்கு வசந்தம். வரம்பு வழுக்காது. காலைக் காற்றில் வைக்கோல் மணக்கும். பிள்ளைகளை வட்டைப் பக்கம் கூட்டிப் போக வருடத்தில் இதைவிட நல்ல நேரம் இல்லை.

பிரதான வீதிக்கு மேற்கே கொஞ்சம் நடந்தாலே வயல். இருந்தும் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதை பஸ் ஜன்னலால் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். என் சாச்சாவின் மகனுக்குப் பத்து வயது. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற அந்தப் பிள்ளை, போன வருடம்தான் முதன்முதலாக வரம்பில் கால் வைத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கும். சனிக்கிழமை வையுங்கள். சுபஹுத் தொழுதுவிட்டு நேரே சந்தைக்குப் போங்கள். மதுரையில் 1999 நவம்பர் 14ஆம் திகதி உழவர் சந்தை திறந்தார்கள். விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் விற்கும் ஏற்பாடு அது. அதே வருடம் இங்கே தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் வந்தது. கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறியில் ஊர் ஊராகப் போகும் வழி அதனால் பெரிதானது. அந்த மரக்கறி வருடம் முழுக்கக் கிடைக்கும், அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் உழவர் சந்தையின் வேலையைச் செய்வது சந்தை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான். நாலு கட்டுக் கீரை, ஒரு குவியல் பயிற்றங்காய், பத்துச் சோளன், அவ்வளவுதான் அவர்களிடம் இருக்கும். குறைவாக வைத்திருப்பவரிடம் முதலில் போங்கள். அநேகமாக அது அவரே விளைவித்ததாக இருக்கும்.

போன வருடம் அப்படி ஒரு மூத்தம்மாவிடம் வல்லாரை வாங்கினோம். கட்டைத் தூக்கி வேரை என் முகத்துக்கு நேரே காட்டினார். "இந்தா புள்ள, சுபஹுக்குப் பொறகு புடுங்கினது. சேறு இன்னும் காயல்ல." வாழை நாரால் கட்டியிருந்த அந்தக் கட்டிலிருந்து தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. விலை பேச மனம் வரவில்லை. பேசவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்தப் பருவத்தின் பழம் வெள்ளரிப்பழம். கனிந்தால் தோல் தானாகவே வெடிக்கும், உள்ளே மாப்போல உதிரும், சீனி தூவித் தின்னலாம். நடைக்குக் கொண்டுபோக வெடிக்கத் தொடங்காத பழமாகப் பார்த்து எடுங்கள்; வெடித்ததைப் பையில் வைத்தால் வழியிலேயே கரைந்துவிடும். எருமைத் தயிர் ஒரு சட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோறு வீட்டிலிருந்து போகட்டும். வாழையிலையை நெருப்பில் வாட்டினால் கிழியாமல் மடியும். அதில் சோறு, கருவாட்டுப் பொரியல், மாசிச் சம்பல், அவித்த முட்டை போதும். தேங்காய்ப்பால் கறி வேண்டாம், இந்த வெக்கைக்குப் பகலுக்குள் புளித்துவிடும்.

நடை எளிது. வாய்க்கால் கட்டு வழியே போக ஒன்றரைக் கிலோமீற்றர், வர ஒன்றரை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் முடியும். இங்கினியாகலையில் அணை கட்டித் தேக்கிய சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர்தான் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து இந்த வட்டைகளுக்கு வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வயலில் நிழல் கிடையாது. தண்ணீர்க் கரையில் மருத மரம் நிற்கிற இடம் பார்த்துப் பாயை விரியுங்கள். சாய்ந்தமருது, மருதமுனை என்று பக்கத்து ஊர்ப் பெயர்களிலேயே நிற்கிற மரம் அது.

யானையை மறக்கக் கூடாது. வெட்டு முடிந்த வயலில் சிந்திய நெல்லுக்கும் வைக்கோலுக்கும் அவை இறங்கும். முதல் நாள் இரவு எந்தப் பக்கம் வந்தன என்று வயல் காவல்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். நன்றாக வெளுத்த பிறகு போங்கள், பின்னேரம் வரை நிற்காதீர்கள்.

கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதும் அந்த யானைகளுக்காகத்தான். சுற்றியுள்ள ஊர்களின் குப்பை கொட்டப்படும் பள்ளக்காட்டு மேட்டில் பொலித்தீனோடு சேர்த்து உணவைத் தின்று, எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. படங்களில் யானைகள் பைகளுக்கு நடுவே நின்றன. பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பர் முதல் அரசாங்கமே தடை செய்திருக்கிறது. நம் வீட்டுச் சமையலறையில் அது இன்னும் இருந்தால் அது நம் தவறு. வாழையிலையை மாடு தின்னும், தயிர்ச் சட்டி வீட்டுக்கு வரும்.

மழைக் காலத்தில் இந்தப் பயணத்தை யாரும் நினைக்கவே வேண்டாம். 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் இழுத்துச் செல்லப்பட்டது. அதில் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஜனாஸாக்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்த அந்த நாட்களை இந்தக் கரை மறக்காது. கோடையில் முழங்காலளவு தண்ணீரோடு சாதுவாகத் தெரிகிற அதே இடம்தான் அது. பிள்ளைகளை அவ்வழியே கூட்டிப் போனால் நின்று ஒரு துஆச் செய்யுங்கள், தண்ணீரைப் பற்றியும் சொல்லிக் கொடுங்கள்.

அஸருக்குப் பிறகு தெம்பு மிச்சமிருந்தால் ஒலுவில் பக்கம் போய் 1999இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கலாம். 2013இல் திறந்த துறைமுகமும் அங்கேதான். கரையோரம் வடக்கே நகரும் மணலை அதன் அலைதடுப்புக் கற்கள் மறித்துவிட்டதால், வடக்கே இருக்கும் நம் ஊர்க் கரை அரிபட்டுப் போகிறது. வேர் முழுக்க வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் தென்னைகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அரிபட்ட கரை திடீரென்று ஆழும், குளிக்க விடாதீர்கள்.

ஏப்ரலில் சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்துவிட்டால் வரம்பெல்லாம் சேறு, உழவு தொடங்கிவிடும், நடக்க இடமிருக்காது. அதற்கு முன் வருகிற ஒரு சனிக்கிழமையை இப்போதே குறித்து வையுங்கள்.