குழந்தைகளுக்கான அறுவை மருத்துவத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பியின் அளவும் காலமும்

முன்னுரை

கூடுவாஞ்சேரியில் அறுவை மருத்துவம் தேவைப்படும் குழந்தையைத் தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வடக்கே எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ, ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள தனியார் மருத்துவமனைக்கோ கொண்டு செல்வர். எங்குச் சென்றாலும் மூன்று வினாக்கள் எழும்: நுண்ணுயிர் எதிர்ப்பி தேவையா? எவ்வளவு? எத்தனை நாள்? மூன்றாவது வினாவுக்கே நடைமுறையில் பெரும்பாலும் பிழையான விடை கிடைக்கிறது. இவற்றின் அறிவியல் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது.

தடுப்பும் சிகிச்சையும்

சாமுவேல் கிரீன் யாழ்ப்பாணத்தில் அறுவை மருத்துவ நூலைத் தமிழாக்கி வெளியிட்ட 1867ஆம் ஆண்டில்தான் லிஸ்டர் தம் கிருமித்தடுப்பு முறையை அறிவித்தார். தமிழில் மருத்துவக் கலைச்சொல்லாக்கம் அத்துணைப் பழமையுடையது. எனினும் ‘தடுப்பு மருந்து’, ‘சிகிச்சை மருந்து’ என்னும் வேறுபாடு பொதுவழக்கில் இன்னும் ஊன்றவில்லை. இரண்டையும் ‘ஆன்டிபயாட்டிக்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். குழப்பத்தின் வேர் இதுவே.

தடுப்பு மருந்தின் பணி, கத்தி தோலைக் கீறும் நொடியில் திசுக்களில் போதிய செறிவில் இருப்பது. 1961இல் ஜான் பர்க் கினிப் பன்றிகளில் இதைக் காட்டினார். கிருமி புகுந்து மூன்று மணி நேரத்துக்குப் பின் செலுத்திய மருந்து பயனளிக்கவில்லை. 1992இல் அமெரிக்காவில் 2,847 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கே காயத்தொற்று ஏற்பட்டது. கீறலுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பின் பெற்றவர்களிடம் இது 3.3 விழுக்காடு. அறுவைக்குப் பின் எத்தனை நாள் கொடுத்தாலும் தவறிய அந்த நேரத்தை ஈடுசெய்ய இயலாது.

அளவின் கணக்கு

குழந்தை சிறிய உருவில் அமைந்த பெரியவர் அன்று. பச்சிளங்குழந்தையின் உடலில் நீரின் விகிதம் மிகுதி, சிறுநீரகமோ முதிராதது. ஆகவே மருந்து மெதுவாக வெளியேறும். ஓரிரு வயதானபின் நிலை மாறி, எடைக்கு எடை ஒப்பிட்டால் பெரியவரைவிட விரைவாக வெளியேறுவதும் உண்டு. 1959இல் குளோராம்ஃபெனிகாலால் பிறந்த குழந்தைகள் சாம்பல் நிறமடைந்து இறந்தமை வெளிப்பட்டபோது, மருத்துவ உலகம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது.

பரவலாகப் பயன்படும் செஃபசோலினுக்கு, 2013ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுநெறி கிலோவுக்கு 30 மில்லிகிராம் எனக் கூறுகிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 360 மில்லிகிராம். 80 கிலோ எடையுள்ள பதின்வயதினருக்குக் கணக்கு 2,400 எனக் காட்டினும், பெரியவருக்குரிய 2 கிராமைத் தாண்டலாகாது. கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் இதைச் செலுத்த வேண்டும். வான்கோமைசினை மெதுவாகவே ஏற்ற வேண்டுமாதலால் 120 நிமிடம். அறுவை நான்கு மணி நேரத்தைக் கடந்தாலோ, குருதி மிகுதியாக இழக்கப்பட்டாலோ மறுதவணை தேவை. கணக்கு எளியது, ஆனால் எடையை அறுவை நாளில் நிறுத்துப் பார்க்காமல் வயதைக்கொண்டு ஊகித்தால் எல்லாம் பொய்க்கும்.

அறுவைக்குப் பின்

உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல், அறுவை முடிந்தபின் தடுப்பு மருந்தைத் தொடர வேண்டா எனத் திட்டவட்டமாகப் பரிந்துரைத்தது. வலை பொருத்தாத குழந்தைக் குடலிறக்க அறுவைக்குப் பொதுவாகத் தடுப்பு மருந்தே வேண்டியதில்லை. குடல்வால் வெடிக்காதிருந்தால் அறுவைக்கு முன் தந்ததே போதும். வெடித்திருந்தால் அது தடுப்பன்று, சிகிச்சை. அப்போது சில நாள்கள் மருந்து தொடர்வது முறையே.

தேவையற்ற ஐந்து நாள் மருந்து வயிற்றுப்போக்கைத் தருவதோடு, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளையும் குழந்தையின் குடலில் வளர்க்கிறது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்கேற்று வெளியிட்ட என்.டி.எம்.-1 ஆய்வில், சென்னையிலிருந்து மட்டும் அத்தகைய 44 மாதிரிகள் இனங்காணப்பட்டன. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ‘எச்1’ அட்டவணையில், வீடு திரும்பும் குழந்தைகளுக்கு அடிக்கடி எழுதப்படும் செஃபிக்சிமும் உள்ளது. அதை விற்கும் மருந்தகம், மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களைத் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டின்றி விற்பதைத்தான் இவ்விதி தடுக்கும். தேவையின்றி எழுதப்பட்ட சீட்டை அது தடுக்காது.